சிலுவைக்குக் கீழே ஒரு வாக்குப்பெட்டி

தேர்தல் கடமைக்கு முதல்முறையாகப் பெயர் வந்துவிட்டால் எங்கள் தபால் கந்தோர்ப் பிள்ளைகள் இன்றும் என்னைத்தான் தொலைபேசியில் பிடிக்கிறார்கள். "மிஸ், ராத்திரிச் சாப்பாடு யாரு தருவாங்க?", "மிஸ், கக்கூஸ் இருக்குமா?", "மிஸ், அட்டை கடிக்குமா?" எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் உண்டு. பிஸ்கட் எடுத்துக்கோ, டோர்ச் எடுத்துக்கோ, காலில் தேய்க்க ஒரு சவர்க்காரத் துண்டு எடுத்துக்கோ என்பேன். போன மாதம் இராகலைப் பக்கம் வேலை செய்யும் ஒரு பெண் மட்டும் வேறு மாதிரிக் கேட்டாள்.

"மிஸ், ஓட்டுப் போட வர்றவங்க நம்ம மதம் என்னான்னு கேட்டா என்னா சொல்றது?"

"கையேட்டுல உள்ளத மட்டும் செய்யும்மா" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. அந்தக் கேள்விக்குக் கையேட்டில் பதில் இல்லை. அது என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் சரோஜினி. அப்பா சவரிமுத்து. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி. நாங்கள் கத்தோலிக்கர். ஆனால் என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் பொட்டு வைப்போம். கந்தோர்க் கோப்பில் நான் எஸ். சரோஜினி. இடமாற்றம் கிடைத்துப் போன ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வருவேன். யாரும் கேட்டதில்லை, நானாகச் சொன்னதுமில்லை.

கொழும்பில் பயிற்சி. கடிதம் பிரிக்கவும் முத்திரை குத்தவும் பதிவுத் தபாலுக்குப் புத்தகம் எழுதவும் கற்றுக்கொண்டு, மலைக்குத் திரும்பி, முப்பது வருடத்துக்கு மேல் ஐந்தாறு கந்தோர்கள். அதில் எழுத வேண்டியது அதிகமில்லை. ஆனால் பயிற்சிக்குப் போகுமுன் நடந்த ஒன்றைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. இனக்கலவர நாளொன்றில், நுவரெலியாவிலிருந்து நான் வந்த பஸ்ஸை ஒரு கும்பல் மறித்தது. கையில் தடி வைத்திருந்த ஒருவன் ஏறி, ஒவ்வொருவரிடமும் சிங்களத்தில் பெயர் கேட்டான். எனக்கு முன் சீட்டில் இருந்த மனிதர் தன் பெயரையே சொன்னார். தமிழ்ப் பெயர். அவரைக் கீழே இறக்கினார்கள். அடுத்து நான். ஒரு சிங்களப் பெயரைச் சிங்களத்தில் சொன்னேன். எனக்கு நன்றாகச் சிங்களம் வரும். பஸ் புறப்பட்டுவிட்டது. அந்த மனிதருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து நாலு பேர் சேர்ந்து நின்று பெயர் கேட்டால் என் கால் குளிர்ந்துவிடும்.

நான் சொல்ல வந்த பாராளுமன்றத் தேர்தல், ஓய்வுபெறுவதற்கு ஒரு வருடத்துக்கு முன் நடந்தது. எங்கள் பக்கத்தில் இளங்கோ என்றொரு வேட்பாளர் நின்றார். தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து, ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். முழுப்பெயர் சேவியர் இளங்கோ. போஸ்டரில் சேவியர் இல்லை. எனக்கு அவரைத் தெரியும். ஆசிரியராக இருந்த காலத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடற்குழுவில் பாடியவர். தேர்தல் வந்ததும் கோயில் பக்கமே காணோம். ஒருநாள் நெற்றி நிறையத் திருநீறோடு கந்தோருக்கு முன்னால் ஜீப்பிலிருந்து இறங்கி ஆட்களைக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். என் யன்னலருகே வந்தபோது என்னை அடையாளம் கண்டுகொண்டார். கும்பிட்ட கை அப்படியே நின்றது. பிறகு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். நான் முத்திரை குத்துவதுபோல் குனிந்துகொண்டேன். மனதுக்குள் அவரை என்னவெல்லாம் சொன்னேன் என்று எழுத முடியாது.

அதே வாரம் ஓர் இளைஞன் கட்டுக்கட்டாகக் கடித உறைகள் கொண்டுவந்து போட்டான். முத்திரை சரியாக ஒட்டியிருந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. பெறுபவர் எல்லாம் தோட்டங்களின் மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர்கள். ஒரு உறை நனைந்து பிரிந்து கிடந்தது. உள்ளே இருந்த தாளில் 'சேவியர்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். இந்த ஆள் வென்றால் மலை உச்சிக்கெல்லாம் சிலுவை வரும், மாரியம்மன் கோயில் காணிகள் போய்விடும், உங்கள் பிள்ளைகளை மதம் மாற்றுவார்கள் என்று எழுதியிருந்தது. இரண்டு முறை படித்தேன். ஆனால் உறையைத் திறந்து பார்த்து இது போகலாம், அது போகக்கூடாது என்று முடிவெடுக்கும் வேலை தபால்காரருக்கு இல்லை. பிரிந்த உறையை ஒட்டினேன். எல்லாவற்றிலும் என் கையாலேயே திகதி முத்திரையைக் குத்தி அனுப்பினேன்.

பிறகு என் தேர்தல் கடமைக் கடிதம் வந்தது. சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலர். அதாவது அந்த வாக்களிப்பு நிலையத்தின் முழுப் பொறுப்பும் என்னுடையது.

எங்கள் தேர்தல் வலயத்துக்கு மேலதிகாரியாக வந்தவர் ரத்நாயக்க. மெலிந்த மனிதர். வலப்பனைக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். பயிற்சி வகுப்பில் யாராவது "சேர், இப்படி நடந்தா என்ன செய்யிறது?" என்று கேட்டால், பதில் சொல்லுமுன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். "முதல்ல நேரத்தை எழுதுங்க. அப்புறம் கையேட்டைப் பாருங்க. அப்புறம் எனக்குச் சொல்லுங்க. பயப்பட்டா அதுக்கு அப்புறம் பயப்படுங்க." சிங்களத்திலும் அதையேதான் சொல்வார்: வெலாவ லியன்ன. நேரத்தை எழுதுங்கள். தன் சின்னக் கொப்பியில் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் நேரம் எழுதுவார். தேநீர் குடித்த நேரம்கூட இருக்கும் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

வாக்களிப்புக்கு முதல்நாள் பெட்டி, வாக்குச்சீட்டு, வாக்காளர் இடாப்பு, மை, அரக்கு எல்லாம் எண்ணிக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸில் புறப்பட்டோம். எனக்கு அடுத்த அலுவலர் கனகராஜ், ஒரு பாடசாலை ஆசிரியர். எழுதுநர்கள் நாலு பேர், பொலிஸ்காரர் இருவர். நாங்கள் அனுப்பப்பட்ட தோட்டத்தில் வழக்கமாகப் பாடசாலையில்தான் நிலையம். அந்த வருட மழையில் பாடசாலைக்குப் பின்னால் மண் இறங்கி, கட்டடத்துக்குள் யாரும் போகக்கூடாது என்று அறிவித்திருந்தார்கள். அதனால் மாதா கோயில் மண்டபத்துக்கு மாற்றியிருந்தார்கள். தோட்டத்தில் வேறு மண்டபம் இல்லை.

பின்னேரம் நாலரைக்கு உள்ளே போனதும் வாசலிலேயே நின்றுவிட்டேன். முன்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு சிலுவை. மரச்சிலுவை என்றால் கழற்றி வைக்கலாம். இது சீமெந்தில் சுவரோடு சேர்த்துக் கட்டி நீலம் பூசிய சிலுவை. யன்னல் வழியாகவோ கட்சி முகவர்கள் பக்கமிருந்தோ தெரியாதபடி வாக்காளர் மறைந்து நின்று அடையாளமிட அட்டைத் தடுப்பு வைக்க வேண்டும். அதற்கு வசதியான இடம் சிலுவைக்கு நேர் கீழேதான். எழுதுநர்கள் கேட்காமலே அங்கே தடுப்பை நிறுத்திவிட்டார்கள்.

கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். கட்சிச் சின்னம் இருந்தால் அகற்ற வேண்டும். வேட்பாளர் படம் இருந்தால் அகற்ற வேண்டும். சிலுவையைப் பற்றி ஒரு வரி இல்லை. ரத்நாயக்கவைக் கூப்பிட்டேன்.

"கையேட்டில இல்லையா?"

"இல்ல சேர்."

"தடுப்பைப் பக்கச்சுவருக்கு மாத்துங்க. ஓட்டுப் போடுறவர் முதுகு சிலுவைக்கு இருக்கட்டும். யன்னலை மூடுங்க. நேரம் எழுதுங்க."

மாற்றினோம். ஆனால் அதற்குள் யாரோ யன்னல் வழியாகத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டது எங்களுக்குத் தெரியாது.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் உபதேசியார் சூசை. கோயிலுக்குப் பக்கத்து வீடு. அவர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மற்றவர்கள் வெளியே நின்ற நேரம் நான் அந்தச் சிலுவைக்கு முன்னால் நின்று நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டேன். திரும்பினால் பின்னால் சூசை. "நம்ம சபையா மிஸ்?" என்றார். "ஆமாங்க. யாருக்கும் சொல்லாதீங்க" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "நான் எதுக்குங்க சொல்லப்போறேன். நாளைக்கு நல்லபடியா நடக்கட்டும்."

காலை ஏழுக்கு முன் வெறும்பெட்டியை முகவர்களுக்குக் காட்டி, பூட்டி, முத்திரையிட்டு வாக்களிப்பைத் தொடங்கினேன். முகவர்கள் மூன்று பேர். அவர்களில் தனலட்சுமி என்றொரு கொழுந்து பறிக்கும் பெண், இளங்கோவுக்கு எதிர்த்தரப்பு முகவர். நாற்பது வயதிருக்கும். மற்ற இருவரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, அவள் மட்டும் கூப்பிடும் ஒவ்வொரு பெயரையும் தன் பட்டியலில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் ஒரு மணித்தியாலத்திலேயே வழக்கமில்லாத சில விஷயங்கள் கண்ணில் பட்டன. சிலர் செருப்பை வாசலில் கழற்றினார்கள். சிலர் வாசல்வரை வந்து, சுவரைப் பார்த்து, திரும்பிப் போனார்கள். வயதான ஒரு அம்மா வாக்குச்சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"கண்ணு, நான் மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டவ. இந்தப் புள்ளடி போடச் சொல்றீங்களே, செவத்துல இருக்கே, அதுவா இது?"

சிரிப்பு வரவில்லை. வாக்குச்சீட்டில் போடும் பெருக்கல் குறியைத்தான் கேட்டார்; உண்மையாகவே பயந்திருந்தார்.

"இல்லீங்கம்மா. அது நேரா நிக்குது. இது சாஞ்சு கெடக்குது. இது ஓட்டுக்கு மட்டுந்தான்."

அம்மா சீட்டையும் சுவரையும் இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தடுப்புக்குள் போனார்.

ஒன்பதேகாலுக்குப் பொலிஸ்காரர் ஒருவர் உள்ளே வந்து, "மிஸ், ரோட்டில ஆள் சேருது" என்றார். எட்டிப் பார்த்தேன். வளைவில் அறுபது எழுபது பேர் நின்றார்கள். ஆண்கள்தான் அதிகம். எல்லோரும் தொலைபேசியைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிலுவைக்குக் கீழே வாக்களிக்கும் தடுப்பு நிற்கிற படம். 'இளங்கோ ஆளுங்க வேலை. பெட்டிக்குப் பொறுப்பா வந்திருக்கிறவளும் வேதக்காரியாம்' என்று அடியில் எழுதியிருந்ததாம். வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள் என்ற அந்த இரண்டாவது வரியைப் பொலிஸ்காரர் குரல் தாழ்த்திச் சொன்னார். யாரோ ஊகத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் எனக்கு அந்தக் குளிர் பாதத்திலிருந்து முழங்காலுக்கு ஏறியது.

ரத்நாயக்க வேறொரு தோட்டத்தில் இருந்தார். மழையில் பாதை மோசம், வந்து சேர இரண்டு மணித்தியாலம் ஆகும். "முகவர் மூணு பேரையும் கூப்பிடுங்க. மூணு பேரும் சரின்னா சிலுவையை மூடுங்க. கோயில்காரரையும் கேளுங்க. கேட்காம மூடவேணாம்."

மூவரும் சரி என்றார்கள். பிறகு சூசையைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சிலுவையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பெரிய வெள்ளிக்கு முன்னாடி நாங்களே மூடுறதுதானுங்க. ஊதாத் துணி இருக்கு. எடுத்தாறேன்" என்று போனார்.

அவர் துணி எடுக்கப் போன இடைவெளியில்தான் முத்துவேல் வந்தார். தோட்டத்தின் மேற்பிரிவுக் கணக்கப்பிள்ளை. மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. அவருக்குப் பின்னால் கும்பல் வாசற்படிவரை வந்து நின்றது. பொலிஸ்காரர் இருவரும் கையை விரித்து வாசலை மறித்தார்கள். முத்துவேல் கையில் வாக்காளர் அட்டை இருந்தது. வாக்காளரைத் தடுக்க முடியாது.

"வணக்கம் அம்மா. நான் சண்டைக்கு வரல. ஒரு விஷயம் கேக்கணும்."

"ஓட்டுப் போடுறதுன்னா வரிசையில வாங்க ஐயா. முறைப்பாடுன்னா எழுத்துல குடுங்க."

"எழுத்துலயா?" சட்டைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். "எழுத்துல எங்களுக்கு வந்தது இதுதாங்க." என் கந்தோர் முத்திரை. நான் குத்தியது. மை கொஞ்சம் வழிந்திருந்தது.

"இதுல உள்ளதெல்லாம் நான் நம்பல. ஆனா அந்தாளு எங்க கோயிலுக்கு வந்தாரு. துன்னூறு பூசிக்கிட்டு விழுந்து கும்புட்டாரு. மாலை போட்டது நான். பெறகு பாத்தா சேவியராம். வேதக்காரன்னு சொல்லிட்டே வந்திருந்தா ஒக்காந்து யோசிச்சிருப்போம். நல்ல ஆளுன்னா போட்டிருப்போம். ஒளிச்சாருல்ல? எதுக்கு ஒளிக்கணும்? அதுதாங்க எங்களுக்குப் பயம். இப்ப பெட்டியும் சிலுவைக்கிட்ட இருக்கு. எங்க சனம் என்னா நெனைக்கும்?"

பாடசாலை பழுதான கதையைச் சொன்னேன். தடுப்பை மாற்றியதைச் சொன்னேன். சிலுவையை இப்போதே மூடப்போகிறோம் என்றேன். அவர் தலையாட்டினார். வெளியே யாரோ கத்தினான்: "அவ யாருன்னு கேளுங்க அண்ணே!"

முத்துவேல் நான் குத்தியிருந்த பெயர் அட்டையைக் குனிந்து படித்தார்.

"எஸ். சரோஜினி. எஸ்ஸுன்னா என்னாங்க, ஒங்கப்பா பேரு?"

கனகராஜின் பேனை நின்றது. மை பூசுகிற பெண் ஒரு வாக்காளரின் விரலைப் பிடித்தபடியே இருந்தாள். எனக்கு வலப்பக்கம் பெட்டி. என் கை தானாகப் போய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. சவரிமுத்து என்று சொன்னால் இந்த வாசல் தாங்குமா? இரண்டு பொலிஸ்காரர். ஒரு மரக்கதவு. உள்ளே நாலு எழுதுநர்கள், அதில் ஒருத்தி கர்ப்பிணி. இதெல்லாம் யோசித்துத்தான் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. யோசிக்கவில்லை. பயத்தில் வாய் தானாகத் திறந்தது.

"சுப்பையா."

"எந்த ஊருங்க?"

"உடப்புசல்லாவை."

முத்துவேல் நிமிர்ந்தார். வாசலைப் பார்த்துச் சொன்னார்: "நம்மாளுதான்ப்பா. தள்ளி நில்லுங்க."

அப்போதுதான் பார்த்தேன். பக்கக் கதவில் சூசை நின்றுகொண்டிருந்தார். கையில் மடித்த ஊதாத்துணி, தோளில் ஏணி. கேட்டிருந்தார். ஏணியைச் சுவரில் சாய்த்து ஏறினார். துணியை விரித்தபோது அதன் நடுவிலும் வெள்ளை நூலில் ஒரு சின்னச் சிலுவை தைத்திருந்தது. தனலட்சுமிதான் எழுந்து, "உபதேசியாரே, திருப்பிப் போடுங்க" என்றாள். திருப்பிப் போட்டார். இறங்கி, என் பக்கம் திரும்பாமல் வெளியே போனார்.

முத்துவேல் வரிசையில் நின்று, விரலில் மை வாங்கி, ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார். கும்பல் வளைவுக்குப் பின்வாங்கியது. போகவில்லை.

பதினொன்றரைக்கு ரத்நாயக்க வந்தார். என் நாட்குறிப்பை வாங்கி நின்றபடியே படித்தார். '9.50. வாக்காளர் ஒருவர் எனது பெயர் பற்றி வினவினார். பதிலளிக்கப்பட்டது.' அந்த வரியில் விரலை வைத்தார். என்னை வெளியே ஜீப்புக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"என்ன பதில்?"

சொன்னேன்.

"மிஸ் கத்தோலிக்கமா?"

"ஆமா சேர்."

மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. வளைவில் நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவரை நான் அறிந்த காலத்தில் அது ஒரு முறைதான்.

"நான் எத்தனையோ முறை பன்சலை மண்டபத்தில பெட்டி வச்சிருக்கேன். புத்தர் சிலை பக்கத்தில. யாரும் மூடச் சொல்லல. நானும் யோசிக்கல." வளைவைத் திரும்பிப் பார்த்தார். "இப்ப ஒங்கள மாத்தினா ஏன்னு கேப்பாங்க. கேட்டா இங்க பிரச்சினை வரும். மாத்தலைன்னா நாலு மணி வரைக்கும் நீங்க சுப்பையா மகள். முடியுமா?"

"முடியும் சேர்."

"முடியாட்டி இப்பவே சொல்லுங்க."

"முடியும்."

அவர் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் என் வாழ்க்கையின் மிக நீளமான நாலரை மணித்தியாலம். உள்ளே வந்த ஒவ்வொரு முகத்தையும், எங்கேயாவது பார்த்ததா, தபால் கந்தோரிலா, பூசையிலா என்று தேடிக்கொண்டிருந்தேன். சோற்றுப் பார்சலைப் பிரிக்கவில்லை. கனகராஜ் ஒரு தடவை தேநீர்க் கோப்பையை என் முன் தள்ளிவிட்டு, "குடிங்க மிஸ், வாசலையே பாத்துக்கிட்டிருக்காதீங்க, பாக்கிறவங்களுக்குத் தெரியும்" என்றார். முதல்நாள் பஸ்ஸில் நான் சாப்பிடுமுன் சிலுவை போட்டுக்கொண்டதை அவர் பார்த்திருந்தார். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டரைக்கு ஒரு பெண் வந்தாள். கழுத்தில் ஜெபமாலை. எழுதுநர் பெயரைக் கூப்பிட்டார்: ரோசலின். மை பூசிக்கொண்டு நிமிர்ந்தவள் என்னைக் கண்டு பெரிதாகச் சிரித்தாள்.

"மிஸ், நீங்களா! அந்தோனியார் திருநாள்ல கொடி ஏத்தையில என் பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஓட்டைப் போடுங்கம்மா, வரிசை நிக்குது" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள், பாவம். அவளுக்கு என்ன தெரியும்.

நான் முகவர்கள் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. மற்ற இருவரும் வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தனலட்சுமி தன் இடத்தில் இருந்தாள். பேனையை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் நான் சுப்பையா என்று சொன்னபோது எங்கே இருந்தாளோ அதே நாற்காலி.

இரண்டு நிமிடம் போனது. எழுந்தாள். "நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வாறேன்."

முகவர் வெளியே போவதைத் தடுக்க எனக்கு அதிகாரமில்லை. அவள் வளைவுப் பக்கம் நடப்பது கதவிடுக்கில் தெரிந்தது. பிறகு பனி மறைத்தது. நாட்குறிப்பில் '2.40' என்று எழுதினேன். அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பொலிஸ்காரரிடம் சொல்லலாமா? சொன்னால் என்னவென்று சொல்வது? கர்ப்பிணிப் பெண்ணை மட்டும், "நீ போய் உபதேசியார் வீட்டுல கொஞ்சம் படு" என்று அனுப்பிவைத்தேன். கும்பல் மறித்த அந்தப் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த மனிதரின் கழுத்து ஞாபகம் வந்தது. முகம் ஞாபகமில்லை, கழுத்து மட்டும்தான். வெளியே ஏதோ சத்தம் உயர்ந்து அடங்கியது. ஒவ்வொரு காலடிக்கும் பெட்டியை இறுக்கிப் பிடித்தேன்.

பத்து நிமிடத்தில் தனலட்சுமி திரும்பி வந்தாள். தலைமுண்டில் பனி ஈரம். உட்கார்ந்தாள். பேனையை எடுத்தாள். அடுத்த பெயருக்குக் கோடு போட்டாள்.

நாலு மணிக்கு வாக்களிப்பை முடித்தேன். பெட்டியின் வாயை அடைத்து, அரக்கை உருக்கி முத்திரை வைத்தேன். முகவர்களும் விரும்பினால் தங்கள் முத்திரையை வைக்கலாம். தனலட்சுமி மட்டும் முன்னால் வந்து கையெழுத்திட்ட தாளை ஒட்டினாள். குனிந்திருந்தபோது, எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"காலையில பொய் சொன்னீங்க."

அரக்குத் துண்டை மேசையில் வைத்தேன்.

"வெளிய போனேன்ல, சொல்லத்தான் போனேன். அவங்க நின்ன நெலையைப் பாத்தேன். ஒருத்தன் கையில மண்ணெண்ணெய்ப் போத்தல் இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்."

"ஏங்க?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

அவள் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "எங்க ஓட்டும் அந்தப் பெட்டிக்குள்ளதானே கெடக்கு."

பெட்டி பொலிஸ் ஜீப்பில் வளைவைக் கடந்து போனது. யாரும் தொடவில்லை. எண்ணும் நிலையத்தில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கியபோது ரத்நாயக்க என் நாட்குறிப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, 2.40-க்கு எதிரே காலியாக இருந்ததைக் காட்டினார். "எழுத மறந்திட்டேன் சேர்" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

ஒன்றையும் மறைக்காமல் எழுதுவதானால் இதையும் எழுத வேண்டும். தேர்தல் கடமைக்குப் போகிறவர்களுக்குத் தரும் தபால் மூல வாக்கு எனக்கும் இருந்தது. கடமைக்குப் போகுமுன்பே போட்டுவிட்டேன். கட்சிக்குள் ஆளைத் தெரிவுசெய்யும் விருப்பு வாக்கில் இளங்கோவின் இலக்கத்துக்குப் புள்ளடி போட்டேன். அவர் என்ன செய்வார், என்ன செய்திருக்கிறார் என்று நான் பார்க்கவில்லை. திருநீறைக் கண்டு எரிச்சல்பட்டிருந்தும், நம்ம சபை ஆள், ஒருவராவது உள்ளே போகட்டும் என்றுதான் போட்டேன். அந்தக் கும்பல் என்னைச் சந்தேகப்பட்டது முழுக்கத் தப்பு என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. பெட்டிக்கு நான் துரோகம் செய்யவில்லை. ஆனால் அவர்கள் மதத்தைப் பார்த்தார்கள், நானும் அதையேதான் பார்த்தேன்.

இளங்கோ வென்றார். கொஞ்ச வித்தியாசத்தில்.

இரண்டு வாரம் கழித்துச் சூசையைப் பார்க்கப் போனேன். முறுக்கும் தேநீரும் வைத்தார். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று சொல்ல வாயெடுக்குமுன் அவரே பேசத் தொடங்கினார்.

"எம்.பி. ஐயா நன்றி சொல்ல வந்தாருங்க போன கிழமை. மாரியம்மன் கோயில்ல எறங்கினாரு. முத்துவேல் அண்ணன்தான் மறுபடியும் மாலை போட்டாரு. நான் இங்க கோயில் கதவத் தொறந்து, மெழுகுதிரி கொளுத்தி, நம்ம சனத்த வரிசையா நிப்பாட்டி வச்சிருந்தேன். இந்தா, இங்கருந்து ஜீப்பு தெரியுது. மேல பாத்தாரு. ஜீப்பத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு."

"கோவம் வரலீங்களா?"

"வந்துச்சு. பெறகு பாவமா இருந்துச்சு. ஜெயிச்ச பெறகும் பயம் போகல பாருங்க." தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஒங்க மேலயும் கோவம் வந்துச்சு மிஸ். அன்னிக்கு ஏணியில ஏறையில கால் நடுங்கிச்சு. பயத்துல இல்ல."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"இந்த ஞாயித்துக்கிழமை இங்க பூசைக்கு வாங்க" என்றார். "எல்லாரும் பாக்கட்டும்."

வருகிறேன் என்றேன். போகவில்லை. நிலையப் பொறுப்பாளர் பொய் சொல்லியிருக்கிறாள் என்று யாராவது மனு எழுதினால் விசாரணை வரும், ஓய்வூதியம் போகும் என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரு காரணம். ஓய்வு பெற்று, ஓய்வூதியக் கடிதமும் கைக்கு வந்த பிறகு, அந்தத் தேர்தல் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் போனேன்.

பஸ்ஸை விட்டிறங்கி ஒற்றையடிப் பாதையில் ஏறும்போது எதிரே முத்துவேல் இறங்கி வந்தார். ஒதுங்க இடமில்லை. அவர் கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். கையில் பூசைப் புத்தகம் இருந்தது. மறைக்கக் கை போனது. மறைக்காமல் பிடித்துக்கொண்டேன்.

"போஸ்ட் மிஸ்தானே? பூசைக்கா?"

"ஆமாங்க."

அவர் கொழுந்துச் செடிப் பக்கம் ஏறி நின்று எனக்கு வழிவிட்டார். "தனலட்சுமி எல்லாம் சொல்லிச்சு, அன்னிக்குப் பெட்டி போன பெறகு" என்றார். கொஞ்சம் நின்றார். "இன்னும் வேலையிலயாங்க?"

"இல்லீங்க. ரிட்டயர் ஆயிட்டேன்."

"அப்ப சரி. இனியாச்சும் பயமில்லாமப் போங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத் தெரியும். ஆனாலும் முன் பெஞ்சில் போய் உட்கார்ந்து, பூசை தொடங்கி, இரண்டாம் வாசகம் முடியும்வரைக்கும் யாராவது உள்ளே வருகிறார்களா என்று வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.